கொழுந்தின் நிறையும் குழந்தையின் நிறையும்

பெருந்தோட்டங்களிலே கணக்கு வைத்தல் புதிய கலையன்று. எல்ல, தெமோதரை, நமுனுகுலை மலைச்சாரல்களில் ஒருத்தி நாள்தோறும் பறித்த கொழுந்து எத்தனை இறாத்தல் என்பது ஆங்கிலேயர் காலந்தொட்டே செக்ரோலில் ஏறிவந்தது. அவள் பெற்ற பிள்ளையின் நிறையோ அத்துணைக் கருத்தோடு எழுதப்படவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே தோட்டச் சுகாதாரம் படிப்படியாக நாட்டின் பொதுச் சேவையோடு இணையலாயிற்று. பிந்தியதன் விளைவு இன்னும் மறைந்திலது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகைச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குச் சுமார் 17 பேர். தோட்டங்களிலோ 32 பேர்.

இன்று இலங்கையிற் பிறக்கும் குழந்தைகளுக்குச் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு வழங்கப்படுகின்றது. தாய்மார் இதனைக் 'கிளினிக் கார்டு' என்பர். அதிலுள்ள வரைபடத்திலே வயது கிடையாகவும் நிறை நிலையாகவும் அமையும். மருத்துவ மாது பிள்ளையை நிறுத்து ஒரு புள்ளி இடுவார். புள்ளிகளை இணைப்பின் கோடு பிறக்கும். ஒரு புள்ளி சொல்வது சிறிது. கோடு செல்லும் திசையே பெரிது. ஏறிவந்த கோடு இரண்டு மாதம் படுத்துவிடின், பிள்ளை இன்னும் நல்ல வரம்புக்குள்ளேயே இருப்பினும், நோயோ உணவுக் குறைவோ வீட்டினுள் நுழைந்துவிட்டதென்க. உதவி எளிதிற் பலிக்கும் காலமும் அதுவே.

1968இல் நிறுவப்பெற்ற குடும்ப சுகாதாரப் பணியகம் தன் கணக்குகளை இப்போது கணினியிலே பெறுகின்றது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தார் ஆக்கி இலவசமாக வழங்கும் டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் மென்பொருளே அதற்கு அடிப்படை. விரைவு மிகுந்தது, கூட்டற் பிழையும் குறைந்தது. ஆயினும் அதனுட் செல்வது பெரும்பாலும் தொகையே: இத்தனை பேர் நிறுக்கப்பட்டனர், இத்தனை பேர் நிறை குறைந்தோர் என்பது. எத்தனை பேர் என்று கேட்பின் கணினி விடை கூறும். எந்தப் பிள்ளை என்று கேட்பின் வாய் திறவாது. குறை மென்பொருளினதன்று. 2020 ஜனவரியிலே கொவிட் பரவிய நாடுகளிலிருந்து வந்தோரை ஒவ்வொருவராகப் பதிந்து பின்தொடர இந்நாடு பயன்படுத்தியதும் அதனையே.

தனித்தனிப் பதிவு வேறெங்கினும் பார்க்கத் தோட்டத்துக்கே மிக வேண்டுவது. தாய் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போவாள். பிள்ளை வேறொரு தோட்டத்து லயத்திலே பாட்டியிடம் வளரும். மருத்துவ மாதின் பதிவேடு பழைய இடத்திலேயே தங்கிவிடும். அட்டையும் அழியக்கூடியதே. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையிலே மண் சரிந்து லயங்களை மூடியபோது, வீடுகளிலிருந்த கடதாசிகளைத் தேடுவார் யார்?

பெயரும் ஓர் இடர்ப்பாடு. கணேசன் என்ற பெயர் ஆங்கிலத்திலே 'கே' எழுத்தாலும் தொடங்கலாம், 'ஜீ' எழுத்தாலும் தொடங்கலாம். இயந்திரத்துக்கு அவர் இருவர். ஆதலின், பிறந்த அன்றே ஓர் இலக்கமும், தமிழெழுத்திலேயே பெயரும், பிழையற்ற பிறந்த தேதியும் பதிவிலே நிலைக்க வேண்டும். தேதி தவறின் வயது தவறும். வயது தவறின் வரைபடம் முழுவதும் பொய்யாகும். பிள்ளையின் பதிவை யார் பார்க்கலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். தோட்ட நிருவாகம் அவ்வரம்புக்கு வெளியே நிற்பதே முறையென்பது எமது கருத்து.

மலைமடிப்புக்களிலே அலைபேசி எட்டாத பிள்ளைக்காம்பராக்கள் உள. நிறுத்ததைக் கருவி தன்னகத்தே காத்து, தொடர்பு கிட்டியதும் அனுப்புதல் வேண்டும். அம்முறை பழுதின்றி நடந்தேறும் வரையில், அட்டையைத் தாயின் கையினின்றும் வாங்கிவிடலாகாது.