பொறி வந்தது, பயிற்சி வந்ததா?

பள்ளிக்கூடத்திற்குக் கணிப்பொறி வந்துவிட்டது என்று கேள்வியுற்றால் நம்மவர் பெரிதும் மகிழ்கின்றனர். பொட்டிட்டு, மாலை சூட்டி, குத்துவிளக்கு ஏற்றித் திறப்பு விழாவும் நடத்துகின்றனர். ஆனால் நாளை அப்பொறியின் முன் மாணவரை அமர்த்திப் பாடம் நடத்தப் போகும் ஆசிரியர் யார், அவருக்கு அதனைக் கற்பித்தவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் கதையாக இது முடிந்துவிடுகின்றது.

ரயில்வேயில் ஊழியம் புரியும் அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். மத்திய ரயில்வேயின் மண்டலப் பயிற்சி நிலையம் புசாவலில் இருக்கின்றது. ரயில் ஓட்டுநரும் நிலைய அதிகாரியும் ஒரு முறை தேர்ச்சி பெற்றதோடு விட்டுவிடுவதில்லை. குறித்த காலத்துக்கு ஒரு முறை அவர்கள் மீண்டும் பயிற்சிக்குச் சென்று வருதல் வேண்டும். இயந்திரம் மாறும், விதிமுறை மாறும். ஆகவே மனிதனும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே நிலைபெற்ற நெறி. நம் குழந்தைகளின் எதிர்காலத்தை ஒப்படைத்திருக்கும் பள்ளியில் மட்டும் இந்நெறி வேண்டாவோ?

நம் நாட்டுக்கு இவ்வெண்ணம் புதியதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற செயற்கைக்கோளின் துணைகொண்டு, 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டப்பெற்றது. அத்திட்டத்தை வகுத்தோர் பெட்டியை வைத்ததோடு நில்லாமல், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் பயிற்சியும் அளித்தனர். தொலைக்காட்சியோடு வானொலி, அச்சிட்ட குறிப்பு, கையால் செய்து பார்க்கும் சோதனை ஆகிய அனைத்தும் அப்பயிற்சியில் இடம் பெற்றன.

அடுத்து 1984-85இல் ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின்கீழ், முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்குக் கணிப்பொறிகள் வழங்கப்பெற்றன. அவை பிரிட்டிஷ் பள்ளிகளிலும் வழங்கிய ‘பி.பி.சி. மைக்ரோ’ பொறிகள். பள்ளிக்குச் சில ஆசிரியர்களைத் தெரிந்தெடுத்துச் சில வாரங்களே பயிற்றுவித்தனர். அவ்வாறு பயின்ற ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டால் அப்பள்ளியின் நிலை யாது? அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டுவதன்றி வேறு வழியில்லை.

இக்குறையை நீக்கிக் காட்டியது நம் அண்டை மாநிலமான கேரளம். 2001இல் அங்கே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது; 2017இல் அது ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. அவர்கள் கைக்கொண்ட முறை மூன்று அம்சங்களை உடையது. முதலாவது, ஒவ்வொரு பள்ளியிலும் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரையே கணிப்பொறிப் பொறுப்பாளராக அமர்த்தினர். இரண்டாவது, அப்பொறுப்பாளரையும் ஏனைய ஆசிரியரையும் பயிற்றுவிக்க, வகுப்பறையில் பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர்களிலிருந்தே தலைமைப் பயிற்சியாளர்களைத் தெரிந்தெடுத்தனர். மூன்றாவது, விலை கொடுத்து வாங்க வேண்டாத கட்டற்ற மென்பொருளை ஏற்று, அதனைத் தம் தாய்மொழியில் அமைத்துக்கொண்டனர்.

அதன் பயன் 2020இல் விளங்கிற்று. கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அவ்வாண்டு ஜூன் 1ஆம் தேதியே கேரளத்துப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி வழியே பாடம் தொடங்கிவிட்டது. அதற்கு முன்னரே 45,000 வகுப்பறைகள் நவீன வசதி பெற்றிருந்தன. பொறிகளைப் பணம் கொடுத்து எவரும் வாங்கலாம். ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பழகிய கைகளை ஒரே நாளில் வாங்க இயலாது.

இனி நம் ஊருக்கு வருவோம். செம்பூரை அடுத்த தேவனாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகம், டாடா அறக்கட்டளைகளோடும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தோடும் கூடி 2015இல் ‘கிளிக்ஸ்’ என்னும் முயற்சியைத் தொடங்கிற்று. இராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா ஆகிய 4 மாநிலங்களின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அது நடைபெற்றது. மாணவர்க்குப் பாடம் அமைத்ததோடு, ஆசிரியர்கள் பணியிலிருந்தவாறே பயின்று சான்றிதழ் பெறும் படிப்பையும் அது வகுத்தது. 2017ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோ பரிசும் அதற்குக் கிட்டிற்று. ஆங்கிலம், இந்தி, தெலுங்கு ஆகிய மொழிகளில் அப்பாடங்கள் அமைந்தன. நம் வாயிலுக்கு அருகே விளைந்த பயிர்தான். எனினும் தமிழ்ப் பந்தியில் அது பரிமாறப்படவில்லை.

இங்கேதான் நம் கவலை தொடங்குகின்றது. மும்பை மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளிகள் நடத்துகின்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. தாராவியில் தோல் பட்டறையிலும், இட்லி வியாபாரத்திலும், துப்புரவுப் பணியிலும் உழைத்துக் களைத்த பெற்றோர் தம் மக்களை நம்பி அனுப்பும் இடங்கள் அவை. ஆசிரியர் பயிற்சி மராத்தியிலோ இந்தியிலோ மட்டும் நடைபெறுமாயின், தமிழாசிரியர் பாதியைப் புரிந்துகொண்டு, அதில் பாதியைத்தான் வகுப்புக்குக் கொண்டுசெல்ல இயலும். பிறகு, ‘தமிழ்ப் பள்ளி பின்தங்கிய பள்ளி’ என்னும் பேச்சு எழும், பெற்றோர் பிள்ளையை வேறிடம் மாற்றுவர், வகுப்பு மெலியும், ஒரு நாள் பள்ளியே இல்லாமற் போகும். பொறியைக் கையாளத் தெரியாத குறை, முடிவில் மொழியின் குறையாகப் பேசப்படும். இது நேராமல் காப்பது நம் கடமை.

பொறுப்பாளராகும் ஆசிரியர் கற்க வேண்டியது பொத்தானை அமுக்கும் வித்தை மட்டுமன்று. எந்தப் பாடத்திற்குத் திரை வேண்டும், எதற்குக் கரும்பலகையே சாலும் என்று பகுத்தறிதல். சிறு பழுதைத் தாமே நீக்குதல். தயங்கும் சக ஆசிரியரை அருகிருந்து பழக்குதல். குழந்தைகளின் பெயரும் படமும் கண்டவர் கையில் சேராமல் காத்தல் ஆகிய யாவும் அதில் அடங்கும். அமெரிக்காவில் பள்ளி மாவட்டங்கள் பலவற்றில் இதற்கெனத் தனி அதிகாரிகள் உண்டு. அவர்களுக்குத் தனிப் பயிற்சியும் தேர்வும் நடத்துகின்ற சங்கமும் உண்டு. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொடர் பயிற்சி பெறல் வேண்டும் என்று கூறுகின்றது. 2017இல் தொடங்கிய ‘தீக்ஷா’ தளத்தில் தமிழ்ப் பாடங்களும் கிடைக்கின்றன. ஆகவே வழி அடியோடு அடைபட்டிருக்கவில்லை.

பெற்றோர் செய்யத்தக்கது யாது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளில் நிர்வாகக் குழு அமைத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டும் பொறுப்பும் அக்குழுவுக்கு உண்டு. அக்கூட்டத்திற்குத் தாய்மார்கள் தவறாது செல்லட்டும். சென்று மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். நம் பள்ளிக் கணிப்பொறிக்குப் பொறுப்பான ஆசிரியர் யார்? இவ்வாண்டு அவர் எத்தனை மணி நேரம், எந்த மொழியில் பயிற்சி பெற்றார்? அவர் மாற்றலானால் அடுத்தவர் யார்? விடைகளைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லட்டும். படித்தவர்தாம் கேட்கலாம் என்னும் நியதி எதுவும் இல்லை.

சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. மாதுங்காவிலும் செம்பூரிலும் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் தமிழ் இளைஞர் பலர் இருக்கின்றனர். தலைமையாசிரியரின் இசைவு பெற்று, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தாராவித் தமிழாசிரியரோடு அமர்ந்து தமிழிலேயே விளக்கிச் சொன்னால், ஓராண்டில் 24 மணி நேரம் ஆகும். ஆண்டுக்கு வேண்டிய 50 மணியில் ஏறக்குறைய பாதி அளவு அது.

பொங்கல் விழாவுக்கும் நவராத்திரி கொலுவுக்கும் நாம் மனமுவந்து நன்கொடை அளிக்கின்றோம். அப்பட்டியலில் ஆசிரியர் பயிற்சிக்கும் ஒரு வரி இடுவோமாக. கற்றுக்கொண்டே இருக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பின், பழைய பொறியும் பாடம் சொல்லும். அவர் இல்லையேல், புதிய பொறியும் வெறும் பெட்டியே.