டிவிடெண்ட் கொடுத்த ஃபண்ட் வளரவே இல்லையா? உண்மையான லாபக் கணக்கை எங்கே பார்ப்பது?

நெல் விற்ற பணத்தில் கொஞ்சம், ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையில் கொஞ்சம் என மியூச்சுவல் ஃபண்டில் போடுபவர்கள் இன்று புதுச்சேரி நகரத்தில் மட்டும் இல்லை. பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களிலும் இருக்கிறார்கள். செல்போன் செயலியைத் திறந்து பார்க்கும் பலருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: "போட்டு அஞ்சு வருஷம் ஆச்சு, விலை அப்படியேதானே நிக்குது? மார்க்கெட் மட்டும் ஏறிடுச்சுன்னு சொல்றாங்களே?"

பல நேரங்களில் ஃபண்டில் கோளாறு இருக்காது. பார்க்கும் விலைப்பட்டியலில் ஒரு முக்கியமான கணக்கு விடுபட்டிருக்கும். இடையில் கொடுக்கப்பட்ட டிவிடெண்ட்தான் அது. அதைச் சேர்க்காத விலையைப் பார்த்து நல்ல ஃபண்டை விற்றுவிடுபவர்கள் உண்டு. சுமாரான ஃபண்டை "இண்டெக்ஸையே ஜெயிச்சிடுச்சு" என்று நம்பி வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டிலும் நஷ்டம் முதலீட்டாளருக்குத்தான்.

டிவிடெண்ட் கொடுத்தால் விலை ஏன் குறைகிறது?

பாகூர் பக்கம் ஒரு காணி நஞ்சை வைத்திருப்பவரிடம் "நிலத்தால் என்ன லாபம்?" என்று கேட்டால், வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் மட்டும் சொல்லி நிறுத்தமாட்டார். வருஷா வருஷம் வந்த குத்தகை நெல்லையும் சேர்த்துத்தான் சொல்வார். ஃபண்டுக்கும் இதே கணக்குதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குத்தகை நெல் வீட்டுக்கு வந்துவிட்டதால் நிலத்தின் விலை குறையாது. ஃபண்டில், டிவிடெண்ட் கொடுத்த அன்றே அந்த அளவுக்கு விலை குறையும்.

ஃபண்டின் ஒரு யூனிட் விலைதான் என்.ஏ.வி. ஃபண்டிடம் உள்ள மொத்த சொத்து மதிப்பில் செலவுகளைக் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. டிவிடெண்ட் என்பது அந்தச் சொத்திலிருந்து எடுத்துத் தரும் பணம். எடுத்தால் குறையத்தானே செய்யும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரே திட்டத்தில் குரோத், டிவிடெண்ட் என இரண்டு வகை. இரண்டும் 100 ரூபாயில் தொடங்குகின்றன. முதல் வருடம் 12 சதவீதம் ஏறி, இரண்டும் 112 ரூபாய் ஆகின்றன. டிவிடெண்ட் வகை 10 ரூபாய் கொடுக்கிறது. அதன் விலை 102 ரூபாய்க்கு இறங்குகிறது. அடுத்த வருடம் இரண்டும் 10 சதவீதம் ஏறுகின்றன. இப்போது குரோத் விலை 123 ரூபாய் 20 காசு. டிவிடெண்ட் வகையின் விலை 112 ரூபாய் 20 காசு.

விலையை மட்டும் பார்த்தால் ஒன்று 23.2 சதவீதம் வளர்ந்திருக்கிறது, இன்னொன்று 12.2 சதவீதம்தான். ஆனால் இரண்டும் வாங்கி வைத்திருந்த பங்குகள் ஒன்றே. மேலாளரும் ஒருவரே. வித்தியாசம், இடையில் கைக்கு வந்த 10 ரூபாயும், அது உள்ளேயே இருந்திருந்தால் சம்பாதித்திருக்கும் ஒரு ரூபாயும்தான்.

செபி பெயரையே மாற்றியது ஏன்?

"மாசா மாசம் டிவிடெண்ட் வரும்" என்றால் வங்கி வட்டி மாதிரி கூடுதலாக வரும் பணம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இந்தக் குழப்பத்தைக் குறைக்க, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2020 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி 2021 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்ட் வகையின் பெயர் ஐ.டி.சி.டபிள்யூ என்று மாறியது. வருமானத்தைப் பகிர்ந்து கொடுப்பதோடு மூலதனத்தில் ஒரு பகுதியையும் எடுத்துக் கொடுப்பது என்பது இதன் பொருள். அதாவது, வரும் தொகையில் உங்கள் சொந்தப் பணமும் இருக்கலாம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆக, செயலியில் திட்டத்தின் பெயரோடு ஐ.டி.சி.டபிள்யூ என்று இருந்தால், அந்த விலைக்கோடு முழு வளர்ச்சியைக் காட்டாது.

நிஃப்டி, சென்செக்ஸிலும் இதே சிக்கலா?

ஆமாம். இரவுச் செய்தியில் சொல்லப்படும் நிஃப்டி 50, சென்செக்ஸ் எண்கள் பங்குகளின் விலையை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுபவை. அந்த நிறுவனங்கள் கொடுக்கும் டிவிடெண்ட் அதில் சேராது. டிவிடெண்டையும் திரும்ப முதலீடு செய்ததாக வைத்துக் கணக்கிடும் இன்னொரு எண் இருக்கிறது. அதன் பெயர் டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ், சுருக்கமாக டி.ஆர்.ஐ.

முன்பு ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் வருமானத்தை, டிவிடெண்ட் சேராத குறியீட்டோடு ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. ஃபண்டுக்குள் வரும் டிவிடெண்ட் அதன் என்.ஏ.வி-யில் சேர்ந்துவிடும். குறியீட்டில் சேராது. ஒருவர் சுமையில்லாமலும் இன்னொருவர் மூட்டை சுமந்தும் ஓடும் பந்தயம் மாதிரி. 2018 பிப்ரவரி 1 முதல் டி.ஆர்.ஐ-யோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது.

ஒரு சதவீதம் அவ்வளவு பெரிய விஷயமா?

நிஃப்டி 50 நிறுவனங்களின் டிவிடெண்ட், அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் விலையில் 1 முதல் 1.5 சதவீதம் வரை இருந்திருக்கிறது. கேட்க சின்னதாகத் தெரியும். 10 வருடக் கணக்குப் போட்டால்தான் புரியும்.

ஒரு லட்சம் ரூபாய் முதலீடு என்று வைத்துக்கொள்வோம். ஃபண்ட் வருடத்துக்கு 12 சதவீதம் கொடுத்தால், 10 வருடத்தில் சுமார் 3 லட்சத்து 10 ஆயிரம் ஆகும். டிவிடெண்ட் சேராத குறியீடு 11 சதவீதம் ஏறினால் சுமார் 2 லட்சத்து 84 ஆயிரம். "ஃபண்ட் 26 ஆயிரம் அதிகமா கொடுத்திருக்கு" என்று முகவர் சொல்லலாம். ஆனால் 1.3 சதவீத டிவிடெண்டைச் சேர்த்தால் குறியீடு 12.3 சதவீதம் ஆகிறது. அப்போது தொகை சுமார் 3 லட்சத்து 19 ஆயிரம். உண்மையில் ஃபண்ட் 8 ஆயிரத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கிறது. ஜெயித்ததாகத் தெரிந்த ஃபண்ட் தோற்றிருக்கிறது. எடுத்துக்கொண்ட குறியீட்டை மாற்றியதால்தான் இந்த வித்தியாசம்.

நம்பகமான தரவு எங்கே கிடைக்கும்?

ஃபண்டுக்கு: மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளம் முதல் இடம். எல்லாத் திட்டங்களின் என்.ஏ.வி-யும் வேலை நாட்களில் அங்கே வெளியாகிறது. பழைய என்.ஏ.வி-யைத் தேதிவாரியாகவும் எடுக்கலாம். கட்டணம் கிடையாது. ஒரே திட்டத்தின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் குறியீட்டு எண் இருக்கும். நீங்கள் ஐ.டி.சி.டபிள்யூ வகை வைத்திருந்தாலும், திட்டம் எப்படி வளர்ந்தது என்று பார்க்க, அதே திட்டத்தின் குரோத் வகை என்.ஏ.வி-யை எடுங்கள். எந்தத் தொகையும் வெளியே போகாததால், அதுதான் டிவிடெண்ட் சேர்த்த விலைக் கணக்கு. தனியாக வேறு தரவைத் தேட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் திட்டங்கள் 2013 ஜனவரி 1-ல்தான் வந்தன. அதற்கு முந்தைய கணக்கு வேண்டுமென்றால் ரெகுலர் குரோத் வகையைப் பார்க்க வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. டைரக்டில் செலவு குறைவு என்பதால் வருமானம் மாறும்.

நிஃப்டிக்கு: தேசியப் பங்குச் சந்தையின் துணை நிறுவனமான என்.எஸ்.இ இண்டிசஸின் இணையதளத்தில், பழைய தரவுகள் பகுதியில் டி.ஆர்.ஐ மதிப்புகள் தனியாக இருக்கின்றன. நிஃப்டி 50-க்கு 1999 ஜூன் 30 முதல் எடுக்கலாம். இவ்வளவு வேண்டாம், போனில் சட்டென்று பார்க்க வேண்டும் என்றால், அதே தளத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் உள்ள ஃபேக்ட்ஷீட் போதும். விலை வருமானம், மொத்த வருமானம் இரண்டும் அதில் அடுத்தடுத்த வரியில் இருக்கும்.

சென்செக்ஸுக்கு: டி.ஆர்.ஐ கணக்கு 1996 ஆகஸ்ட் 19 முதல் இருக்கிறது. அதற்கு முன் தொடங்கிய பழைய ஃபண்டுகளின் ஆவணங்களில், அந்தத் தேதி வரை விலைக் குறியீடும், பிறகு டி.ஆர்.ஐ-யும் சேர்த்துக் கணக்கிட்டதாக ஒரு சிறு குறிப்பு இருக்கும். அது பிழை இல்லை. முறைப்படி அனுமதிக்கப்பட்ட கணக்குதான்.

குரோத் வகை இல்லாவிட்டால்?

நாமே கணக்குப் போடலாம். டிவிடெண்ட் தொகையை, கொடுத்த பிறகு இருந்த என்.ஏ.வி-யால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். முன்பு பார்த்த உதாரணத்தில் 10-ஐ 102-ஆல் வகுத்தால் 0.098. ஒன்றைக் கூட்டினால் 1.098. கடைசி விலையான 112 ரூபாய் 20 காசை இதனால் பெருக்கினால் சுமார் 123 ரூபாய் 20 காசு. குரோத் வகையின் விலை அப்படியே வந்துவிடுகிறது. பல முறை டிவிடெண்ட் கொடுத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு எண் எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாகப் பெருக்க வேண்டும். டிவிடெண்ட் தேதியும் தொகையும் ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

செயலிகளை அப்படியே நம்பலாமா?

தரவு எப்படித் திருத்தப்பட்டது என்று தெரிந்தால் நம்பலாம். உதாரணத்துக்கு யாகூ ஃபைனான்ஸில் இரண்டு பத்திகள் இருக்கும். 'குளோஸ்' என்பது பங்குப் பிரிப்பை மட்டும் சரிசெய்த விலை. 'அட்ஜஸ்டட் குளோஸ்' என்பது டிவிடெண்டையும் சேர்த்துச் சரிசெய்த விலை. ஆனால் நிஃப்டி எண்ணை அங்கே எடுத்தால் கிடைப்பது விலைக் குறியீடு மட்டுமே. எந்தப் பத்தியை எடுத்தாலும் அது டி.ஆர்.ஐ ஆகாது.

பங்குப் பிரிப்பைச் சரிசெய்யாத தரவு இன்னும் பயமுறுத்தும். இந்தியாவின் முதல் ஈ.டி.எஃப்-ஆன நிஃப்டி பீஸ், 2019 டிசம்பரில் ஒரு யூனிட்டைப் பத்தாகப் பிரித்தது. விலை பத்தில் ஒரு பங்கானது. யூனிட்டும் பத்து மடங்கானது. யாருக்கும் நஷ்டமில்லை. திருத்தாத விலைப்பட்டியலில் மட்டும் ஒரே நாளில் 90 சதவீதம் சரிந்ததாகத் தெரியும்.

வெளிநாட்டுக் குறியீட்டோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். பிரான்ஸில் உறவினர் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களில் காக் 40 பழக்கமான பெயர். செய்தியில் வரும் காக் 40 எண்ணில் டிவிடெண்ட் சேராது. பக்கத்து நாடான ஜெர்மனியின் டாக்ஸ் எண்ணிலோ டிவிடெண்ட் சேர்ந்தே வரும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், ஜெர்மனி எப்போதும் கொஞ்சம் கூடுதலாக ஓடியது போலத்தான் தோன்றும்.

கையில் கிடைத்தது எவ்வளவு?

குரோத் என்.ஏ.வி திட்டத்தின் தரத்தைச் சொல்லும். உங்கள் கைக்கு வந்த லாபத்தைச் சொல்லாது. ஐ.டி.சி.டபிள்யூ தொகை உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வருமான வரி விகிதப்படி வரிக்கு உட்படும். 2020 ஏப்ரலிலிருந்து இதுதான் நடைமுறை. ஒரு நிதியாண்டில் இந்தத் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம் உண்டு. இந்த வரம்பு 2025 ஏப்ரல் வரை 5,000 ரூபாயாக இருந்தது. டி.ஆர்.ஐ கணக்கில் இந்த வரி எதுவும் கழிக்கப்படுவதில்லை.

சொந்த லாபத்தை அறிய, கேம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். போட்ட தேதி, தொகை, வந்த டிவிடெண்ட் எல்லாம் அதில் இருக்கும். தேதிவாரியாக அவற்றை எக்செல் தாளில் போட்டு, எக்ஸ்.ஐ.ஆர்.ஆர் சூத்திரம் கொடுத்தால் வருடாந்திர லாப விகிதம் வந்துவிடும்.

விற்பதற்கு முன், வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

• காட்டும் விலைக்கோடு குரோத் வகையா, ஐ.டி.சி.டபிள்யூ வகையா?
• ஒப்பிடும் குறியீட்டின் பெயருக்குப் பின்னால் டி.ஆர்.ஐ என்று இருக்கிறதா?
• ஃபண்டுக்கும் குறியீட்டுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ஒன்றேதானா?
• டைரக்ட் திட்டமா, ரெகுலர் திட்டமா?
• எண்கள் ஆம்ஃபி அல்லது குறியீட்டு நிறுவனத்தின் தளத்தில் உள்ளதோடு பொருந்துகின்றனவா?

இரண்டு, மூன்று தேதிகளை மட்டும் எடுத்து ஒத்துப்பார்த்தாலே, செயலி காட்டும் எண் சரியா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். "இந்த ஃபண்ட் வளரவே இல்லை, வித்துட்டு இதுல போடுங்க" என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் குரோத் வகை என்.ஏ.வி-யையும் டி.ஆர்.ஐ-யையும் ஒரே தேதிகளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைத் தர மறுத்தால் அவசரப்பட வேண்டாம்.