பெட்டி பிரிக்காத பொம்மைகள்

1980களின் அமெரிக்க கிறிஸ்துமஸ் பொம்மைகளைத் தேடி அலைகிறது ஒரு நடுவயதுத் தலைமுறை. கிடைப்பது பொம்மை, தேடுவது வேறு.

1983 நவம்பர் கடைசி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள வில்க்ஸ்-பாரி நகரம். டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்த சுமார் ஆயிரம் பேர் கதவு திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். நெரிசலில் ஒரு பெண்ணின் கால் முறிந்தது. கடை மேனேஜர் கையில் பேஸ்பால் மட்டையுடன் கூட்டத்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அங்கே விற்பனைக்கு வந்திருந்தது ரொட்டியோ பெட்ரோலோ அல்ல. துணி உடம்பும் உப்பிய கன்னங்களும் கொண்ட ஒரு பொம்மை. பெயர் கேபேஜ் பேட்ச் கிட்ஸ். அதாவது முட்டைக்கோஸ் பாத்தியில் பிறந்த குழந்தைகள்.

அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 30 லட்சம் பொம்மைகள் விற்றன. அப்படியும் போதவில்லை. கடை விலை 30 டாலருக்குக் கீழ்தான். ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க, வெளியே பல மடங்கு விலைக்குக் கைமாறியது. கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த தபால்காரர் ஒருவர் மகளுக்காக விமானம் ஏறி லண்டனுக்கே போய் வாங்கி வந்தார்.

இந்த வெறிக்குக் காரணம் பொம்மையின் அழகு அல்ல. கம்ப்யூட்டர் உதவியுடன் முகம், முடி, உடை என்று மாற்றி மாற்றி இணைத்து, ஒன்றைப் போல இன்னொன்று இல்லாமல் தயாரித்தது கொலிகோ நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பிறந்த நாள். பெட்டிக்குள் தத்துப் பத்திரம். குழந்தைகள் அதை ‘வாங்கவில்லை’, தத்து எடுத்துக்கொண்டார்கள். கடையில் பொம்மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்திவிடலாம். அதற்காகவே காத்திருக்கும் அனாதைக் குழந்தை கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பெற்றோரின் இந்தத் தர்மசங்கடத்தில்தான் வியாபாரம் நடந்தது.

அன்று தத்து எடுத்தவர்கள் இன்று ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியும் பத்திரமும் கலையாத பழைய பொம்மைகளை இன்டர்நெட் ஏலங்களிலும் சேகரிப்பாளர் சந்தைகளிலும் தேடுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், ஸ்ட்ராங் மியூசியத்துக்குள் இயங்கும் தேசிய பொம்மைப் புகழ் மன்றம், 2023ல் கேபேஜ் பேட்ச் கிட்ஸையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அந்தத் தலைமுறைக்குக் கிறிஸ்துமஸ் டிசம்பரில் தொடங்கவில்லை. சியர்ஸ் நிறுவனத்தின் ‘விஷ் புக்’ என்ற தடித்த கேட்டலாக் வீட்டுக்கு வந்து சேரும் நாளில் தொடங்கியது. 1933ல் முதன்முதலில் வந்த கிறிஸ்துமஸ் கேட்டலாகின் வாரிசு அது. பொம்மைப் பக்கங்களில் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தின் முனையை மடக்கி, அம்மா கண்ணில் படும்படி வைப்பது வாடிக்கை. இருபது வட்டம் போட்டால் ஒன்றோ இரண்டோ மரத்தடிக்கு வரும். இன்று பழைய கேட்டலாகுகளுக்கும் தனி மவுசு. அவற்றை வாங்குகிறவர்கள் புரட்டிப் பார்ப்பது கிடைத்த பொம்மைகளை மட்டுமல்ல, கிடைக்காமல் போனவற்றையும்தான்.

ஆசையைக் கிளப்பிய இன்னொரு கருவி டெலிவிஷன். அதற்கு முன்பு பெரும்பாலும் கதை முதலில் பிறக்கும், பொம்மை பிறகு வரும். 80களில் வரிசை தலைகீழானது. மேட்டல் நிறுவனம் 1982ல் ஹீ-மேன் பொம்மைகளைக் கொண்டுவந்தது. கார்ட்டூன் தொடர் 1983ல் வந்தது. ஜப்பானின் தகாரா நிறுவனம் தயாரித்துவந்த, ரோபோவாக உருமாறும் கார்களை ஹாஸ்ப்ரோ வாங்கிவந்து 1984ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் சூட்டியது. அவற்றுக்குப் பெயர்களையும் குணங்களையும் சண்டைக்கான காரணத்தையும் எழுதிக்கொடுத்தது மார்வெல் காமிக்ஸ். அதே 1984ல் ரீகன் அரசின் ஒலிபரப்பு ஆணையம், டி.வி. விளம்பரங்களுக்கு இருந்த நேர வரம்பை நீக்கியது. அரை மணி நேர கார்ட்டூனே அரை மணி நேர விளம்பரம் என்று குழந்தைகள் நல அமைப்புகள் கண்டித்தன. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் மணிக்கு இத்தனை நிமிடம்தான் விளம்பரம் என்ற கட்டுப்பாடு 1990ல் சட்டமாகத் திரும்பி வருவதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

1985ன் நாயகன் டெடி ரக்ஸ்பின். முதுகில் கேசட்டைப் போட்டால் வாயையும் கண்ணையும் அசைத்துக் கதை சொல்லும் கரடி. கேசட்டின் ஒரு டிராக்கில் குரல். இன்னொன்றில் கரடியின் மோட்டார்களை இயக்கும் சிக்னல். இன்றைய கண்ணுக்கு எளிய தந்திரம். அன்றைய குழந்தைக்கு உயிருள்ள நண்பன். விலை சுமார் 70 டாலர் என்பதால் அந்த நண்பன் எல்லா வீட்டுக்கும் வரவில்லை.

பொம்மைகளின் புகழ் நிலைத்த அளவுக்குத் தயாரித்தவர்கள் நிலைக்கவில்லை. டெடி ரக்ஸ்பினைத் தந்த வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் 1987 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சீசனிலேயே, திவால் மனு போட்டது. கொலிகோ 1988ல் அதே வழியில் போனது. ஒரு கிறிஸ்துமஸில் அள்ளிய பணம் அடுத்தடுத்த வருடங்களின் தேங்கிய சரக்கில் கரைந்தது. இந்தப் பொம்மைகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்த டாய்ஸ் ஆர் அஸ் கடைகள் 2018ல் அமெரிக்கா முழுவதும் மூடப்பட்டபோது, வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவே பலர் வந்தார்கள்.

இனிய நினைவுகள் சிலவற்றை மறைத்தும் விடுகின்றன. கேபேஜ் பேட்ச் பொம்மைகளின் பின்புறத்தில் இருப்பது ஜார்ஜியாவைச் சேர்ந்த சேவியர் ராபர்ட்ஸின் கையெழுத்து. ஆனால் துணியில் தைத்த, ஒவ்வொன்றும் தனி முகம் கொண்ட, தத்துப் பத்திரத்துடன் கைமாறிய பொம்மைகளை 70களிலேயே செய்துகொண்டிருந்தவர் கென்டக்கியின் மார்த்தா நெல்சன் தாமஸ். கைவினைச் சந்தையில் அவரைச் சந்தித்த ராபர்ட்ஸ், அவருடைய பொம்மைகளை வாங்கி விற்றார்; உறவு முறிந்த பிறகு தானே செய்யத் தொடங்கினார். மார்த்தா வழக்குப் போட்டார். கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. கோடிக்கணக்கான குழந்தைகளின் கிறிஸ்துமஸில் பங்கிருந்தும் அவர் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. 2013ல் அவர் இறந்தார். 2023ல் வந்த ஒரு டாகுமென்டரி அவர் கதையைப் பலருக்கு நினைவூட்டியது.

இந்த ஏக்கத்துக்கு ஓர் இந்தியக் கிளையும் உண்டு. ஹாஸ்ப்ரோவும் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் சேர்ந்து 1987ல் ஃபன்ஸ்கூலைத் தொடங்கின. தொழிற்சாலை கோவாவில். அங்கே வார்க்கப்பட்டவற்றில் ஒன்று, 1982ல் அமெரிக்காவில் கை அகலத்துக்குச் சுருங்கி மறுபிறவி எடுத்த ஜி.ஐ. ஜோ சிப்பாய். அச்சு அமெரிக்காவுடையது, வண்ணமோ பல சமயம் அமெரிக்கா பார்க்காதது. அங்கே அந்த வரிசை 1994ல் நிறுத்தப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி தொடர்ந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு அது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் பரிசு அல்ல. பிறந்த நாளுக்கோ முதல் ரேங்குக்கோ கிடைத்த வெகுமதி. துப்பாக்கி தொலைந்து, கட்டை விரல் உடைந்து, கடைசியில் பழைய சாமான்களோடு போய்விட்டது. இன்று அமெரிக்க சேகரிப்பாளர்கள் அந்த விசித்திர வண்ண இந்திய சிப்பாய்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

ஏக்கம் என்பது பழைய வியாதி. வீட்டை விட்டுத் தூரதேசத்தில் வாடியவர்களின் உடல்நலக் கேட்டைக் குறிக்க, ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவர் 1688ல் உருவாக்கிய சொல்தான் ‘நாஸ்டால்ஜியா’. அன்று மருந்து எளிது: ஊருக்கு அனுப்பிவிட்டால் போதும். இந்த நோயாளிகள் திரும்ப விரும்புவது ஒரு வருடத்துக்கு. டிக்கெட் கிடைக்காத ஊர் அது. அதனால் பொம்மை வாங்குகிறார்கள். பொம்மைக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. பழைய பெட்டிகளின் டிசைனையே திரும்ப அச்சடித்துப் பெரியவர்களுக்கு விற்கின்றன.

இந்தச் சந்தையின் கணக்கு விநோதமானது. சீல் பிரிக்காத பெட்டிக்கு உச்ச விலை. விளையாடப்பட்ட பொம்மைக்கு அதில் சிறு பங்குதான். 1979ல் கென்னர் நிறுவனம், ராக்கெட் ஏவும் போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பொம்மையைத் தருவதாக அறிவித்தது. வேறொரு கம்பெனியின் பொம்மையிலிருந்து பாய்ந்த துண்டு தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்திருந்ததால், ராக்கெட் ஏவும் வசதி கைவிடப்பட்டது. அதன் மாதிரி ஒன்று 2024 மே மாதம் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. எந்தக் கடைக்கும் வராத, எந்தக் குழந்தையும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்காத பொம்மைக்கு அந்த விலை.

ஒரு கண் போய், காது கிழிந்து, கேசட் சிக்கிக்கொண்ட கரடிக்கு ஏலத்தில் மதிப்பில்லை. அது விற்பனைக்கு வருவதும் அபூர்வம். வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை.