பள்ளி முன்னே, பட்டறை பின்னே

சங்கத்தை நடத்துபவருக்கு இன்றைய வரவு செலவு மட்டும் தெரிந்தால் போதாது என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். நூல் விலை அடுத்த மாதம் ஏறுமா, மழை பருவத்தில் பெய்யுமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் முடிவை இன்றே செய்தாக வேண்டும். இத்தகைய பொறுப்புக்கு ஒருவரை எவ்வாறு தயார் செய்வது? ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, பாஸ்க் பிரதேசத்தில் உள்ள மோந்திராகோன் என்னும் ஊரார் இக்கேள்விக்கு ஒரு விடை கண்டனர். அவ்விடைக்கு நேர்ந்த சோதனையும் நாம் அறியத்தக்கது.

உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1941-ல் அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற இளம் பாதிரியார் அவ்வூருக்கு வந்தார். அவர் தொழிற்சாலை எதையும் தொடங்கவில்லை. 1943-ல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அதில் பயின்றவர்களுள் 11 பேர் ஊரில் வேலை செய்துகொண்டே ஸரகோஸா பல்கலைக்கழகத்துப் பரீட்சைகளுக்குப் படித்தனர். பள்ளியின் மாணவர் ஐவர் 1956-ல் உல்கோர் என்னும் ஸ்தாபனத்தை அமைத்து, மண்ணெண்ணெய் அடுப்புகள் செய்யத் தலைப்பட்டனர். பள்ளிக்கும் பட்டறைக்கும் இடையே 13 ஆண்டுகள்! அவ்வளவு காலம் காத்திருக்க எத்தனை நிர்வாக சபைகள் இசையும்?

1959-ல் அவர்கள் தமக்கென ஒரு பாங்கியும் நிறுவினர். அப்போது இதன் பெயர் காஹா லபொரால். உழைப்போர் பாங்கி என்று கொள்ளலாம். பணத்தை எண்ணிக் கொடுப்பதோடு அதன் கடமை முடியவில்லை. புதுத் தொழில் தொடங்க விரும்பி வந்த குழுவினர் தம்முள் ஒருவரை நிர்வாகியாகக் குறிப்பிட வேண்டியிருந்தது. அவர் பாங்கியின் அனுபவசாலி ஒருவரோடு நீண்ட காலம் அமர்ந்து சரக்கு, சந்தை, செலவு ஆகிய அனைத்தையும் ஆராய்ந்து திட்டம் வகுக்க வேண்டியிருந்தது. இயந்திரம் வாங்கும் முன்பே அத்தொழிலின் இடர்களை மனத்தால் ஒருமுறை கடந்துவிடுவதுதான் இதன் பயன். பயிற்சி என்று நாம் சொல்வது இதையே. 1966-ல் மாணவர்கள் பாதி நாள் படிக்கவும் பாதி நாள் உழைக்கவும் அலெகோப் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. 1984-ல் நிர்வாகிகளுக்காக ஒத்தலோரா என்னும் பயிற்சி நிலையமும் எழுந்தது.

இவ்வளவு இருந்தும் வீழ்ச்சி வந்தது. உல்கோரின் வழிவந்து பகோர் என்ற பெயரோடு வளர்ந்த வீட்டுச் சாதன ஸ்தாபனம், 2005-ல் பிரான்ஸ் தேசத்து பிராண்ட் என்ற கம்பெனியை வாங்கிற்று. அதற்காகப் பெருங்கடன் ஏற்பட்டது. அப்போது ஸ்பெயினில் வீடுகள் மளமளவென்று எழுந்துகொண்டிருந்தன. புது வீட்டுக்குப் புது அடுப்பும் குளிர்பெட்டியும் வேண்டுமல்லவா? 2008-ல் வீடு கட்டுதல் நின்றது. விற்பனை சரிந்தது. கடன் மட்டும் குறையவில்லை. சகோதர ஸ்தாபனங்கள் பல கோடி யூரோ தந்து தாங்கிப் பார்த்தன. 2013-ல் அவை இனி இயலாது என்று கைவிரிக்கவே, பகோர் திவாலாயிற்று.

நிர்வாகிகள் படிப்பில் குறைந்தவர்களல்லர். வீடுகள் எழுந்துகொண்டே இருக்கும் என்ற ஒரே வருங்காலத்தின்மீது அவர்கள் மிகுதியாகச் சாய்ந்துவிட்டனர் என்பது நமது எண்ணம். விற்பனை பாதியானால் கடனை எதிலிருந்து செலுத்துவது என்ற கேள்வியைக் கடன் வாங்கும் முன்னரே கேட்டிருக்க வேண்டும். புதிதாக வந்த குழுவினரிடம் பாங்கி இத்தகைய கேள்விகளைத் தயங்காமல் கேட்டது. மூத்த ஸ்தாபனத்திடம் அவ்வாறு கேட்பது எளிதன்று; பெரியவரைக் கணக்குக் கேட்கக் கூசுவது எந்த நாட்டிலும் உண்டு.

ஊரிலிருந்த அங்கத்தினர்களில் பெரும்பாலோர்க்குச் சகோதர ஸ்தாபனங்களில் வேலையோ, முன்கூட்டிய ஓய்வூதியமோ கிடைத்தது. முன்னமே சேர்த்து வைத்திருந்த பொதுக் காப்பு நிதி இதற்கு உதவியது. ஆனால் அவர்கள் ஸ்தாபனத்தில் இட்டு வைத்த பங்கு மூலதனம் திரும்பவில்லை. பலருக்கு அது வாழ்நாள் சேமிப்பு. பிரான்ஸ் முதலிய நாடுகளின் ஆலைகளில் கூலிக்கு உழைத்தோர் அங்கத்தினர்களாகச் சேர்க்கப்பட்டவர்களல்லர். ஆதலின் அந்தக் காப்பு நிதி அவர்களை எட்டவில்லை.