பெரிய மரம் நட ஆசையா? முதலில் நிலத்தை அளந்து பாருங்கள்

காஜாங், உலு லங்காட் வட்டாரங்களில் சொந்த நிலமோ பங்களா வளாகமோ வைத்திருப்பவர்கள், குடைபோல் விரியும் ஒரு பெரிய மரத்தை நட விரும்புவது இயல்பு. காஷ்மீரில் அந்த இடத்தைச் சினார் மரம் பிடித்திருக்கிறது. குளிர்காலம் தேவைப்படும் அம்மரம் நம் வெப்பத்துக்கு ஏற்றதன்று. இங்கே அதற்கு ஈடு தூங்குமூஞ்சி மரம்தான்.

தென் அமெரிக்காவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என்பர். மாலை ஐந்து மணி வாக்கில் வெளிச்சம் குறையும்போது இலைகள் மடிந்துகொள்வதே காரணம். ஈயச் சுரங்க நிலத்தில் 1880களில் உருவான தைப்பிங் ஏரிப் பூங்காவில், நீரைத் தொட நீளும் இதன் கிளைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

நன்கு வளர்ந்த மரத்தின் குடை 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 100 அடி அகலம் விரியும். எனவே வீடு, கால்வாய், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி நடுங்கள். 20க்கு 70 அடி தாமான் வீட்டுக்கு இது ஆகாது.

விதையின் தோல் கடினமானது. ஓரத்தை லேசாகச் சுரண்டி, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் விரைவில் முளைக்கும். இளம் பருவத்தில் ஒரே நடுத்தண்டை வளரவிட்டு, போட்டித் தண்டுகளை நீக்குங்கள். வளர்ந்தபின் உச்சியை மொட்டையடிக்காதீர்கள். அங்கே புதிதாகக் கிளம்பும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. காற்றில் எளிதில் முறியும். கால்வாய் தோண்டும்போது வேரை வெட்டினால் மரமே சாயலாம். அடிமரத்தில் காளான் தோன்றினால் உள்ளே அழுகல் இருக்கக்கூடும். உடனே மர நிபுணரை அழையுங்கள்.

இது வீண் பயமன்று. 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் விழுந்து ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின.

பிடிக்கவில்லையென்றால் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்து விளைவிக்கும் மரத்துக்கும் விலக்கு உண்டு. காஜாங்வாசிகள் காஜாங் நகராண்மைக் கழகத்தை அணுகலாம்.

இடம் போதவில்லை என்றால் கொன்றை நடுங்கள். அளவில் சிறியது, பூவும் அழகு.