கபாலம் திறவாமல் மூளையைக் காண்பது

புதுக்கோட்டைச் சீமையிலே ஒருவருக்குத் திடீரென்று வலிப்புக் கண்டுவிட்டால், சுற்றி நிற்பவர்கள் முதலில் தேடுவது வைத்தியரை அல்ல, இரும்புச் சாவிக்கொத்தைத்தான்! அதை நோயாளியின் கையில் திணித்தவுடன் வலிப்பு நின்றுவிட்டதாக எண்ணி ஆறுதல் அடைகிறோம். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் சில நிமிஷங்களில் தாமே அடங்கிவிடுகின்றன. இரும்புக்குக் கிடைக்கும் புகழ் காலத்துக்கு உரியது. வலிப்பு ஏன் வந்தது என்ற கேள்வியோ அப்படியே நிற்கிறது.

நடுத்தர வயதில் முதன் முதலாக வலிப்பு வருமாயின், அதன் பின்னே மூளைக் கட்டி ஒன்று மறைந்திருக்கவும் கூடும். நாளுக்கு நாள் வலுக்கும் தலைவலி, காலை வேளை வாந்தி, ஒரு பக்கத்துக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவையும் அலட்சியம் செய்யத் தக்கவையல்ல. இவை பிற காரணங்களாலும் வரலாம். எது காரணம் என்று அறிவதற்கு மண்டையோட்டுக்குள் பார்த்தாக வேண்டும். பார்ப்பது எப்படி?

1895-ல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டிற்று, மூளையைக் காட்டவில்லை. 1918-ல் வால்டர் டாண்டி என்ற அமெரிக்க வைத்தியர் மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். நோயைக் காண்பதே நோயாளிக்கு ஆபத்தாக இருந்த காலம் அது. 1971-ல் லண்டனில் முதன் முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்ட ஸி.டி. படம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. அதற்கடுத்து வந்ததே எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த அதிர்வுப் படம்.

இதன் தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். நமது உடலில் பெரும் பகுதி நீர். நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் ஒவ்வொன்றும் சின்னஞ் சிறு காந்தம் போன்றவை. பூமியின் காந்த சக்தியைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு வலிவுள்ள காந்தத்தினுள் நோயாளியைப் படுக்க வைத்து, ரேடியோ அலைகளைச் செலுத்தினால், அக்கருக்கள் நிலை சாய்கின்றன. அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய எதிரொலி தருகின்றன. திரும்பும் வேகம் திசுவுக்குத் திசு வேறுபடுகிறது. கட்டித் திசுவில் அவ்வேகம் மாறுபடுவதை 1971-ல் ரேமண்ட் டமாடியன் எடுத்துக் காட்டினார். அந்த எதிரொலியைப் படமாக்கும் வழியை 1973-ல் பால் லாட்டர்பர் வெளியிட்டார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்பீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஓடும் திரவங்களில் இந்த அதிர்வை 1951-லேயே ஆராய்ந்து எழுதியவர் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தின் ஜி. சூர்யன் என்பதை நாம் பெருமையோடு நினைவு கொள்ள வேண்டும்.

இப்படம் கட்டியின் இடத்தையும் அளவையும் சுற்றியுள்ள வீக்கத்தையும் காட்டுகிறது. காடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றினால், இரத்தக் குழாய்களின் காவல் உடைந்த இடங்கள் வெண்மையாகத் தெரிகின்றன. நிறமாலைச் சோதனையோ கட்டியின் ரஸாயனத்தையே விசாரிக்கிறது. பல கட்டிகளில் கோலின் மிகுந்தும், நரம்பணுக்களுக்குரிய என்-அசிட்டைல் ஆஸ்பார்டேட் குறைந்தும் காணப்படும். பேசும்போதும் விரலை அசைக்கும்போதும் மூளையின் எப்பகுதி வேலை செய்கிறது என்பதையும் படமாக்கலாம். கத்தி எவ்விடத்தைத் தீண்டலாகாது என்று சத்திர வைத்தியர் முன்கூட்டியே அறிந்துகொள்கிறார்.

ஆயினும் படமே முடிவான தீர்ப்பு அன்று. கட்டி எவ்வகை என்று நிச்சயிக்கப் பெரும்பாலும் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும். கதிர் சிகிச்சைக்குப்பின் தெரியும் நிழல் மீண்டும் வளர்ந்த கட்டியா, மாண்ட திசுவா என்பதில் நிபுணர்களும் தயங்குவதுண்டு.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் அவரை முடக்கவில்லை. 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையமாக உருவெடுத்தது. வேலூரில் 1949-ல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950-ல் பி. ராமமூர்த்தியும் மூளைச் சத்திர சிகிச்சைக்கு வழி வகுத்தனர். 2017-ல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டுவிட்டது. அந்த அம்மையார் வைத்தியம் பயிலச் சென்னைக்குச் செல்ல நேர்ந்த காலத்தை எண்ணினால், இது எவ்வளவு பெரிய மாறுதல்!

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. இப்பரிசோதனையில் எக்ஸ் கதிர் இல்லை, வலியும் இல்லை. தகரத்தைத் தட்டுவது போன்ற ஓசை மட்டும் உண்டு. காதுக்கு அடைப்புத் தருவார்கள். நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். திருமாங்கல்யத்தைக் கழற்ற மனம் கூசுவோர் மஞ்சள் கயிற்றை அணிந்து செல்லலாம். இருதயத்தில் கருவி வைத்திருப்பவர்களும், உடலில் உலோகத் துண்டு உள்ளவர்களும், சிறுநீரக நோயாளிகளும் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மறைப்பது உயிருக்கே ஆபத்து.

அந்த அறைக்குள் இரும்பு எதுவும் போகலாகாது. வழி வழியாக நாம் நம்பி வந்த சாவிக்கொத்தையும் வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் செல்ல வேண்டும். வலிப்புக் கண்ட வீட்டார் அதை இன்றே கீழே வைத்துவிட்டு, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடங்கியதும் வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்களாக!