பச்சோந்தி வளர்த்தல்

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைக் காணச் செல்லும் மாணவர், வழியோர முட்புதரிற் பச்சோந்தியைக் காண நேரின், அதனை விடுதிக்குக் கொணர்ந்து வளர்க்க விழைதல் இயல்பே. ஆயின் கூண்டில் அப்பிராணியை முதற்கண் வருத்துவது நீர்வேட்கையாம். கிண்ணத்தில் அசைவின்றி நிற்கும் நீரை அது பெரும்பாலும் நாடுவதில்லை. இலைமேல் தங்கும் துளிகளையே நக்கிப் பருகும். ஆதலின் நாடோறும் தழைகள்மீது நீர் தெளித்தல் வேண்டும். வெயில் நேரே படாவிடின் என்புகள் வலிவிழந்து வளையும்; கண்ணாடியூடு வரும் ஒளி இதற்கு உதவாது. இரண்டினை ஒரு கூண்டிலிடின் ஒன்றையொன்று கண்டே நலியும். சினையுற்றதற்கு மண் தோண்ட இடமின்றேல், முட்டையிடாதே இறத்தலும் உண்டு.

சூழலுக்கேற்ப ஒளிந்துகொள்ளவே நிறம் மாறுகின்றது என்பர் பலர். வெப்பமும் ஒளியும் அச்சமும் சினமுமே அதற்கு முதற் காரணங்கள். கட்சி மாறுவோர்க்கு அதன் பெயரைச் சூட்டினமை நாம் அதற்கிழைத்த அநீதி! நெடுநேரம் கருமையுற்றுக் கிடப்பின், குளிராலோ நோவாலோ வருந்துகின்றதென அறிக.

இவையெல்லாம் அயல்நாடுகளிற் கூண்டிற் பிறந்தவற்றை வளர்ப்போர் கண்ட முறைகள். நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடித்தலும் வைத்திருத்தலும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாம். காயமுற்ற ஒன்றைக் காண்போர் வனத்துறையினர்க்கு அறிவித்து, அவர் வருங்காறும் காற்றோட்டமுள்ள கூடையில் தழைக்கிளையொன்றிட்டு, நிழலில் வைத்துச் சிறிது நீர் தெளிப்பாராக.